ஈரம் பார்த்த ஸ்கூட்டர் கண்ணாடி

தில்லி துவாரகாவில் மகள் வீட்டுக் குளியலறையில் கீசர் போட்டால், இந்த ஜனவரிக் குளிருக்குச் சுவர்க் கண்ணாடி சட்டென்று வெளுத்துப்போகும். பேத்தி ஜெனிக்கு அதுதான் சிலேட்டு. ஸ்கூல் பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் விரலால் ஒரு பூனை வரையாமல் அங்கிருந்து நகரமாட்டாள். இன்று காலை அவளுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போனவன், கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்ததைப் பார்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கை தானாகப் போய் கீசர் சுவிட்சை அணைத்தது. வாய், "நமி ஹை, ரோக்கோ" என்றது. ஈரம் இருக்கிறது, நிறுத்து.

முகமெல்லாம் சோப்போடு நின்ற ஜெனி, "தாத்தா, க்யா ஹுவா?" என்றாள், என்ன ஆச்சு என்று.

சமையலறையிலிருந்து மகள், "அப்பா, மறுபடியுமா?" என்றாள். அந்த 'மறுபடியுமா' எனக்குப் பழகிப்போனது. காஸ் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபின் மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பவன் நான். லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால் ஜெபம் சொல்பவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்குக் காரணமே பரீட்சைப் பயம்தான் என்று கோயமுத்தூரில் என் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது பாதி உண்மை. மீதிப் பாதி கணக்கு வாத்தியார்.

இப்படிப்பட்ட ஒருவன் வாழ்நாளில் பாதியை எங்கே கழித்தான் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில். அதுவும் உலை வாயில்.

மாயாபுரி பக்கம், பழைய வண்டிகளைப் பிரித்துப்போடும் சந்துகளைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஷெட். சாக்கடை மூடியும் பம்ப் உடம்பும் வார்ப்போம். கரண்டில் உருக்கும் உலை எங்களுடையது. கரி கிடையாது, தீ கிடையாது. செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றியிருக்கும், சுருளுக்கு நடுவில் மணலை இடித்து இடித்துச் செய்த குடம், குடத்துக்குள் இரும்பு. சுருளில் கரண்ட் பாய்ந்தால் இரும்பு தன்னால் சிவந்து, தன்னால் இளகி, பாயசம் மாதிரி அலைபாயும். இதில் என்ன விசேஷம் என்றால், அந்தச் செம்புக் குழாய் உருகிப்போகாமல் இருக்க அதற்குள்ளே எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது இந்தப் பக்கம் உருகிய இரும்பு, அந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு சாண்கூட வராத மணல் சுவர். இரண்டும் தொட்டுக்கொண்டால் கூரை இருக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்று இதை விளங்கிக்கொண்டதும் நேரே புதுதில்லி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். ஏறவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகியிருந்தது. அவளை விட்டுவிட்டு ரயிலில் தனியாகப் போகவும் எனக்குப் பயம்.

அந்த மணல் குடத்தை இடிப்பவர் ராம்சரண். கிழக்கு உ.பி., பூர்வாஞ்சல் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும். மதராசிகளை எல்லாம் 'அண்ணா' என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம், அதனால் அவர் என்னை அண்ணா என்பார். நான் அவரை பையா என்பேன், அதுவும் அண்ணன்தான். இரண்டு அண்ணன்கள் சேர்ந்து ஒரு உலையைப் பார்த்துக்கொண்டோம். தம்பி யார் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. அவர் குடத்துக்குள் பாதி உடம்பை இறக்கி மணலைக் குத்தும்போது வெளியே தெரிவது பழைய ராணுவ பூட்ஸ் இரண்டு மட்டும். உள்ளேயிருந்து போஜ்புரிப் பாட்டு வரும். வெள்ளையாய் மாவு மாதிரி மணல் புகைந்து எழும். மூக்கில் ஒரு கம்ச்சா கட்டியிருப்பார், துண்டுதான் அது. பாட வேண்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுவார்.

புது மணல் குடத்தை முதல் முறை சூடேற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரியம். மணலில் ஒட்டியிருக்கும் ஈரம் முழுக்க ஆவியாய்ப் போகும்வரை கரண்டைக் கொஞ்சமாகவே கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளே மாட்டிய ஆவி குடத்தைப் பிளந்துவிடும். ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? எங்கள் ஷெட்டில் அதற்கு ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி இருந்தது. பழைய இரும்போடு வந்தது. பக்கவாட்டில் மாட்டும் வட்டக் கண்ணாடி, தண்டோடு. அந்தத் தண்டை ஒரு நீளக் கம்பியில் வெல்டிங் வைத்திருந்தோம். குளிர்ந்த கண்ணாடியை உலை விளிம்பில் ஒரு நிமிஷம் காட்டி எடுத்தால், ஈரம் இருந்தால் பூத்துவிடும். பூத்தால் பொறு. பூக்காவிட்டால் ஏற்று. அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தது ராம்சரண்தான். "இது பயப்படறவன் கையில இருக்கணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாலிக், எங்கள் முதலாளி, வயதான பஞ்சாபிக்காரர், சத்தம் போட்டே பழகியவர், "அப்படின்னா இந்த டர்போக்கை விட்டா யாரு இருக்கா!" என்றார். டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி. அன்றிலிருந்து அதுதான் என் பெயர். கோபமே வரவில்லை. சொல்லப்போனால், பிறந்ததிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்த இந்தப் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது அன்றுதான்.

அந்த வேலையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடி பிடித்த முதல் குளிர்காலம். காலையில் பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் திரும்பி வந்து தொட்டியில் விழுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, கரண்டைக் கொஞ்சமாய்க் கொடுத்தோம். கண்ணாடியைக் காட்டினேன். பூத்தது. "நமி ஹை." பொறுத்தோம். மறுபடி காட்டினேன். பூத்தது. இப்படியே மதியம் வந்துவிட்டது. வார்ப்பு அச்சுகளெல்லாம் வரிசையாய்த் திறந்த வாயோடு காத்திருக்கின்றன. மாலிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். "டர்போக், இது உலையா, கங்கையா? எவ்வளவு ஈரம்டா இருக்கும்?"

நான் கண்ணாடியைத் துடைத்து மறுபடி காட்டுகிறேன். இல்லாத ஈரத்தை இருக்கிறது என்றால் வேலை கெடும்; இருக்கிற ஈரத்தை இல்லை என்றால் ஆளே போவான்.

ராம்சரண் ஒரு ஓரமாய் உட்கார்ந்து பல்லுக்கு அடியில் கைனிப் புகையிலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து வாயை மூடினார். "அரே அண்ணா! உலை எப்பவோ காஞ்சு போச்சு. ஈரம் உன் வாயில இருக்கு!"

நடந்தது இதுதான். பயத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மூக்குக்கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்திருக்கிறேன். தில்லிக் குளிரில் மூச்சு புகையாய் வரும், உங்களுக்குத் தெரியும். என் மூச்சே கண்ணாடியில் பூத்து, அதைப் பார்த்து நான் இன்னும் பயந்து, இன்னும் வேகமாய் மூச்சுவிட்டு... அரை நாள் மொத்த ஃபவுண்டரியையும் என் மூச்சு நிறுத்திவைத்திருந்தது.

அப்புறம் ஒரு சட்டமே வந்துவிட்டது. கண்ணாடி எடுக்கும்முன் நான் மஃப்ளரால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாலிக்கே வந்து முடிச்சை இழுத்துப் பார்ப்பார். ராம்சரணுக்கோ அது தீராத விளையாட்டு. நான் கண்ணாடியைத் துடைத்து, ஜெபம் சொல்லி, உலைப் பக்கம் நீட்டப்போகும் நேரத்தில் நடுவில் தலையை நுழைத்து "ஹா" என்று ஒரு ஊது ஊதுவார். கண்ணாடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வெள்ளையாகிவிடும். "நமி ஹை! ரோக்கோ ரோக்கோ!" என்று கத்திவிட்டு ஓடுவார். நான் திட்டிக்கொண்டே மறுபடி துடைப்பேன். ஒவ்வொரு முறை உலை ஏற்றும்போதும் இது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். புது மணலின் வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு கருகும் வாசனை, உலையை ஏற்றும்போது வரும் அந்த 'ங்ஙீ' என்ற ரீங்காரம், இதோடெல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய அந்த 'ஹா'.

ரீங்காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தச் சத்தத்தால் எனக்கு இடது காது பாதி போய்விட்டது. மகள் கூப்பிட்டால் திரும்பமாட்டேன், பக்கத்து வீட்டு பிரஷர் குக்கர் விசிலடித்தால் துள்ளி எழுவேன். வீட்டில் இதற்கும் சிரிப்புதான்.

ராம்சரணுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. கெட்டது வேறு இடத்தில்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜனக்புரியில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு மாடி ஏறி வந்து வாசலில் நின்றுகொண்டு, "ஹேப்பி" என்று சொல்லி, மூச்சு வாங்கி, அப்புறம் 'கிறிஸ்துமஸ்' என்றார். கேக் சாப்பிடும்போது இருமினார். ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போனபின் தட்டை எடுத்தபடி சொன்னாள்: "ஏனுங்க, அந்த பையா இருமறது நல்லா இல்லீங்க. இது சளி இல்ல. உள்ள மணலு போயிருக்குது. வேலைய விடச் சொல்லுங்க."

சொன்னேன். ராம்சரண் சிரித்தார். "விட்டா கார்டு போயிடுமே அண்ணா." கம்பெனியில் பெயர் இருக்கும்வரை செல்லும் ஆஸ்பத்திரி கார்டு அது. அதை வைத்துத்தான் அவருக்கு மருந்தும், மூச்சு இழுக்கும் பம்பும், மாதம் ஒருமுறை டாக்டரும். நெஞ்சைக் கெடுத்த வேலையைச் செய்தால்தான் நெஞ்சுக்கு மருந்து. இதை அவர் ஒரு நல்ல ஜோக் மாதிரி எல்லோரிடமும் சொல்வார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. மாலிக்கிடம் பேசி அவரை மணலிலிருந்து மாற்றி, பம்ப் பக்கம் தண்ணீர் பார்க்கும் வேலையில் உட்காரவைத்தோம். ஆனால் புதுக் குடம் இடிக்கிற அன்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். "வேற யாரோ இடிச்ச குடத்துக்கு முன்னாடி நீ நிப்பியா?" என்று என்னையே கேட்பார்.

அதற்கப்புறம் அந்த வருஷங்கள். தில்லிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி தாண்டினால் வானம் இறங்கிவந்து மொட்டைமாடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆலைகளை நிறுத்து என்று உத்தரவு வரும். நிறுத்துவோம். காற்று கொஞ்சம் தெளிந்தால் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டுவோம். எங்கள் உலையில் புகை குறைவுதான், ஆனால் உத்தரவு உலைக்கு உலை பார்த்து வராது. மணல் குடத்துக்கு இந்த நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது ஆகவே ஆகாது. ஆறினால் விரிசல் விடும். ஒவ்வொரு தடவையும் உடைத்தெடுத்து, புதிதாய் இடித்து, கண்ணாடி பிடித்து, முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் ராம்சரண் மறுபடி குடத்துக்குள்.

கடைசியாக நாங்கள் உலையை ஏற்றிய நாளில் மாலிக் சத்தமே போடவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "பாருங்க, இந்தத் தடவை ஏறி, நிக்காம ஓடிச்சுன்னா நானும் ஓட்டறேன். மறுபடி நிறுத்தச் சொன்னா என்னால முடியாது. கோடவுன்காரன் ஷெட்டைக் கேட்டுட்டே இருக்கான். கொடுத்துடுவேன்."

நான் ராம்சரணைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கார்டு அங்கேதான் இருக்கும்.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. நம்புங்கள், அத்தனை வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக ஒரு நாளும் நடந்ததில்லை. இரும்பை நானே ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தேன். மூடிய குழாய் ஏதாவது உள்ளே தண்ணீரோடு இருந்து வெடிக்குமோ என்று. இல்லை. எல்லாக் குழாயிலும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. மஃப்ளரைக் கட்டிக்கொண்டு கண்ணாடியை நீட்டினேன். முதலில் பூத்தது, அப்புறம் மங்கலாய், அப்புறம் சுத்தம். மஃப்ளருக்கு மேலே என் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. ரீங்காரம் ஏறியது. இரும்பு இளகியது. சாயங்காலத்துக்குள் முதல் வார்ப்பு இறங்கியபோது மாலிக் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். ராம்சரண் ஒரு துண்டை என் வாயில் திணித்து, "கார்டு பச் கயா, அண்ணா" என்றார். கார்டு பிழைத்தது.

அன்று அவர் கண்ணாடியில் ஊதவில்லை என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் நிற்கும் என்று பயந்தேன். கரண்ட் போய் இரும்பு உள்ளேயே உறையும் என்று பயந்தேன். குடம் விரியும், கூரை பறக்கும், யார் கையாவது வேகும் என்று பயந்தேன். எல்லாம் சரியாய் நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்து என்பார்கள் என்று மட்டும் பயந்து வைக்கவில்லை. அந்த வாரம் முடியவில்லை, காற்று மறுபடி கெட்டது. சூரியன் தெருவிளக்கு மாதிரி மங்கலாய்த் தொங்கியது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஷெட்டுக்கு வரும் வழியில் ராம்சரண் மூன்று கடை வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். அவரேதான் சொன்னார்: "இந்தக் காத்துக்கு நிறுத்தத்தான் சொல்லுவாங்க அண்ணா. தப்பு சொல்ல முடியாது."

மதியம் மாலிக் வந்தார். போனைக் கையிலேயே வைத்திருந்தார். என் தோளில் கை போட்டார். "உலையைக் காலி பண்ணிடு பேட்டா. பந்த். மூடியாச்சு." டர்போக் என்றுகூடச் சொல்லவில்லை.

நல்ல உலை. விரிசல் இல்லாத குடம். அதைச் சாய்த்து இரும்பை ஊற்றிவிட்டு அணைத்தோம். அணைத்த பிறகும் பம்ப் ஓட வேண்டும், சூடு இறங்கும்வரை. எல்லோரும் போய்விட்டார்கள். நானும் அவரும் மட்டும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சு விடும் சத்தமும் தண்ணீர் சத்தமும் மட்டும் இருந்தது.

மறுநாள் சாமான் எடுக்கப் போனோம். உலை சில்லென்று கிடந்தது. நான் ஏன் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. பழக்கம். சட்டையில் துடைத்து, உலை வாயில் நீட்டினேன். சுத்தமாக இருந்தது. ராம்சரண் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்தார். தலையை நுழைத்து "ஹா" என்று ஊதினார்.

கண்ணாடியின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் பூத்தது. அவ்வளவுதான். அதுவும் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது.

"நமி கதம்," என்றார். ஈரம் தீர்ந்தது. "இப்ப ஏத்தலாம் அண்ணா."

அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் காத்திருப்பேன். கார்டு செல்லவில்லை, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன் என்றார். டாக்டரா, மருந்துக்கடைக்காரரா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார், சிரிப்பு இருமலாகியது. பிறகு ஒரு நாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது. இப்போதும் அதையே சொல்கிறது. இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவருடைய ஊர்ப் பெயரைச் சரியாகக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் பெயர்தான் தெரியும். அந்த ஸ்டேஷனில் இறங்கி ராம்சரண் என்று கேட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஷெட் இப்போது பார்சல் கோடவுன். ஜெனிக்கு வரும் பொம்மைகள் சில அங்கிருந்துதான் வருகின்றனவோ என்னவோ. உலையைப் பிரித்துச் செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாக எடைக்குப் போட்டார்கள். கண்ணாடியும் அதோடு போயிருக்கும், வந்த சந்துக்கே. மாலிக்கும் போய்ச்சேர்ந்துவிட்டார். துவாரகாவில் நடக்கும்போது குனிந்து சாக்கடை மூடிகளைப் பார்த்துக்கொண்டே போவேன். எங்கள் வார்ப்பில் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் சிமெண்ட் மூடி ஆகிவிட்டது.

பயம் மட்டும் போகவில்லை. அதற்கு இப்போது வேலை இல்லை, அதனால் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

இன்று காலை கீசரை அணைத்ததில் கண்ணாடி தெளிந்துபோய்ப் பூனை பாதியில் அழிந்துவிட்டது. ஜெனிக்குக் கோபம். அவளுக்கும் குளிர்காலத்தில் மூச்சு இழுக்கும். ராத்திரியெல்லாம் மூக்கில் அந்த மிஷினை வைத்து மருந்துப் புகை கொடுக்கிறோம். உலைகளை நிறுத்தியது இவளைப் போன்ற குழந்தைகளுக்காகத்தான். யாரைக் குறை சொல்ல? நிறுத்தினார்கள், ராம்சரணும் போனார், இவளுக்கும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜெனி ஸ்டூலில் ஏறி, கண்ணாடிக்கு நேரே வாயைக் கொண்டுபோய் "ஹா" என்று ஊதினாள், பூனைக்கு மறுபடி இடம் பண்ண. ஈரம் பூத்தது. நான் துண்டைப் பிடித்தபடி அந்த வட்டத்தையே பார்த்தேன். ஒரு சாஸர் அளவு இருக்கும். போன குளிர்காலத்தில் எவ்வளவு இருந்தது என்று நான் பார்த்துவைக்கவில்லை.

"இன்னொரு தடவ ஊது கண்ணு," என்றேன்.

"பஸ் வந்துரும் தாத்தா."

"ஒரே ஒரு தடவ."